படிகங்களின் காந்தத்தை அளந்த கே. எஸ். கிருஷ்ணன்

நாம் அன்றாடம் பயன்படுத்தும் பென்சிலின் நடுவில் கரிய குச்சி ஒன்று இருக்கிறது. அதைக் காரீயம் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது கிராஃபைட் என்னும் பொருளையும் களிமண்ணையும் கலந்து செய்யப்படுகிறது. கிராஃபைட் முழுவதும் கரிம அணுக்களால் ஆனது. அவ்வணுக்கள் மெல்லிய தாள்களாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நாம் எழுதும்போது சில அடுக்குகள் வழுக்கிப் பெயர்ந்து தாளில் ஒட்டிக்கொள்கின்றன. அதுவே நாம் காணும் கரிய கோடு.

இத்தகைய அடுக்குப் பொருள்களின் உள்ளமைப்பை இன்றைய அறிவியலாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்கின்றனர். ஆனால், அந்தக் கருவி பரவலாகக் கிடைக்காத காலத்திலேயே, ஒரு காந்தத்தையும் மெல்லிய இழையையும் கொண்டு படிகங்களின் உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று கணக்கிட்டுக் கூறிய தமிழர் ஒருவர் இருந்தார். அவரே கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். உலகம் அவரைக் கே. எஸ். கிருஷ்ணன் என்று அறியும்.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் தமிழ்நாட்டில் உள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் அமைந்துள்ள சிற்றூர் அது. அவருடைய தந்தையார் வேளாண்மை செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை உடையவர். அதனால், நூல்களைப் படிப்பதும் அவற்றைப் பற்றி உரையாடுவதும் கிருஷ்ணனுக்கு வீட்டிலேயே பழக்கமாயின. பிற்காலத்தில் அவர் இயற்பியலில் புகழ்பெற்றபோதும் இலக்கிய ஆர்வம் அவரை விட்டு நீங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பை முடித்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் உயர்கல்வி பயின்றார். அவர் பட்டம் பெற்றது இயற்பியலில். முதலில் கிடைத்த வேலையோ வேதியியல் செய்முறை விளக்குநர் பணி. அதை அவர் ஒரு குறையாக எண்ணவில்லை. நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்களோடு அமர்ந்து கலந்துரையாடத் தொடங்கினார். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றிலும் யார் வேண்டுமானாலும் எந்தக் கேள்வியையும் கேட்கலாம். இச்செய்தி பரவியதும் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் தேடி வந்தனர். பல துறைகளை இணைத்துச் சிந்திக்கும் அவருடைய இயல்பு அப்போதே வெளிப்பட்டது.

கல்கத்தாவில் ஆய்வுப் பணி

அக்காலத்தில் கல்கத்தா நகரில் சர் சி. வி. இராமன் சிறந்த ஆய்வுக் குழு ஒன்றை உருவாக்கி வந்தார். அவரிடம் பயில விரும்பிய கிருஷ்ணன் சென்னையை விட்டுக் கல்கத்தாவுக்குச் சென்றார். 1923ஆம் ஆண்டு முதல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனுடன் இணைந்து ஆய்வுகள் செய்தார். திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது, காந்தப் புலத்தில் மூலக்கூறுகள் எவ்வாறு திரும்புகின்றன என்பன அவர் அப்போது ஆராய்ந்த சிக்கல்களுள் சில.

1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணன் பெரும்பாலும் கோட்பாட்டு ஆய்வில் ஈடுபட்டிருந்தார். சோதனைக்கூடத்திற்கு மீண்டும் வரும்படி இராமன் அவரை வற்புறுத்தினார். கிருஷ்ணனும் இசைந்தார். பலமுறை வடித்துத் தூய்மையாக்கிய திரவங்களின் மீது சூரிய ஒளியைக் குவித்துப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை வண்ண வடிகட்டிகளின் வழியாகக் கண்ணால் உற்றுநோக்கினார். ஏறத்தாழ 60 திரவங்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. சிதறிய ஒளியில், பாய்ச்சிய ஒளியில் இல்லாத வேறொரு நிறமும் கலந்திருப்பது உறுதியானது.

இந்தக் கண்டுபிடிப்பை அறிவிக்கும் முதல் குறிப்பு நேச்சர் என்னும் ஆங்கில அறிவியல் இதழில் இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரிலும் வெளிவந்தது. பின்னர் அது இராமன் விளைவு என்று பெயர் பெற்றது. 1930ஆம் ஆண்டு இதற்காக இராமனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு ஒருவருக்கே கிடைத்தது. இராமன் தம் பரிசேற்பு உரையில் கிருஷ்ணனின் பெயரைக் குறிப்பிட்டார்.

உழைப்பில் பங்கு கொண்ட ஒருவர் பரிசில் பங்கு பெறாதபோது என்ன செய்வார்? மனம் தளர்ந்து ஒதுங்கலாம். வாழ்நாள் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருக்கலாம். கிருஷ்ணன் இவ்விரண்டையும் செய்யவில்லை. பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் வேறு ஊரில், வேறொரு துறையில், தமக்கே உரிய ஆய்வில் மூழ்கியிருந்தார்.

டாக்காவில் ஒரு புதிய பாதை

1928ஆம் ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். அங்குப் புகழ்பெற்ற இயற்பியலாளர் சத்யேந்திர நாத் போஸும் பணியாற்றி வந்தார். டாக்காவில் கிருஷ்ணன் தேர்ந்தெடுத்த துறை படிகங்களின் காந்தப் பண்பு.

படிகம் என்றால் என்ன? உப்பு, சர்க்கரை, கற்கண்டு ஆகியவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சீரான முகங்களும் கூர்மையான விளிம்புகளும் தெரியும். இதற்குக் காரணம் அவற்றின் அணுக்களோ மூலக்கூறுகளோ ஒழுங்கான வரிசையில் அமைந்திருப்பதே. அணிவகுப்பில் நிற்கும் மாணவர்களைப்போல் அவை இடைவெளி மாறாமல் நிற்கின்றன. இந்த ஒழுங்கையே படிக அமைப்பு என்கிறோம்.

காந்தம் என்றதும் நமக்கு இரும்புதான் நினைவுக்கு வரும். ஆயினும், எல்லாப் பொருள்களும் காந்தப் புலத்திற்குச் சிறிதளவேனும் இணங்குகின்றன அல்லது எதிர்க்கின்றன. இந்த விளைவு மிகவும் நுண்மையானது. நாம் அதை உணர்வதில்லை. அதோடு, ஒரே படிகம் ஒரு திசையில் அதிகமாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் காந்தப் பண்பைக் காட்டக்கூடும். மரக்கட்டையை நாரின் போக்கில் பிளப்பது எளிது. குறுக்கே பிளப்பது கடினம் அல்லவா? அதைப் போன்றதே இந்தத் திசை வேறுபாடும். 19ஆம் நூற்றாண்டிலேயே மைக்கேல் ஃபாரடே இதைக் கவனித்திருந்தார். ஆனால், அதைத் துல்லியமாக அளந்து, அந்த அளவுகளிலிருந்து படிகத்தின் உள்ளமைப்பை அறியும் முயற்சி வளராமல் இருந்தது. கிருஷ்ணன் அந்தப் பணியை எடுத்துக்கொண்டார்.

இழையில் தொங்கிய படிகம்

கிருஷ்ணனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் கையாண்ட முறை எளிமையானது, ஆனால், கூர்மையானது. முதலில் சிறு படிகம் ஒன்றை மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே தொங்கவிடுவர். படிகம் தனக்கு உகந்த திசை காந்தப் புலத்தோடு பொருந்துமாறு திரும்பி நிற்கும்.

அடுத்து, இழையின் மேல்முனையை மெதுவாகத் திருகுவர். இழை முறுக்கேறும். முறுக்கு படிகத்தைத் திருப்பப் பார்க்கும். காந்தப் புலமோ அதைத் திரும்பவிடாமல் பிடித்து வைக்கும். ஊஞ்சல் கயிற்றை முறுக்கி, பலகையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். முறுக்கு ஏற ஏறப் படிகம் சிறிது சிறிதாக விலகும். தொடக்க நிலையிலிருந்து 45 பாகை விலகியதும் காந்தப் புலத்தின் பிடி தன் உச்ச அளவை எட்டிவிடும். அதற்குமேல் பிடிக்க இயலாமல் போகவே படிகம் சட்டெனச் சுழலும். அந்த நொடி வரை இழையை எவ்வளவு திருகினோம் என்பது தெரிந்தால், இரு திசைகளுக்கும் இடையே உள்ள காந்தப் பண்பின் வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம்.

மற்றொரு முறையில் படிகத்தை ஒரு கரைசலுக்குள் தொங்கவிட்டனர். கரைசலின் செறிவைச் சிறிது சிறிதாக மாற்றினர். படிகத்தின் காந்தப் பண்பும் கரைசலின் காந்தப் பண்பும் சமமானால், காந்தத்தால் படிகத்தை எப்பக்கமும் நகர்த்த முடியாது. அந்தக் கரைசலின் பண்பை அளந்தால் படிகத்தின் பண்பை அளந்ததாகும். எடை பார்க்கும்போது தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்பதைப் போன்ற உத்தி இது.

இந்த அளவீடுகளால் என்ன பயன்? துணிகளுக்கு இடையே வைக்கும் அந்துருண்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் நாப்தலீன் என்னும் பொருளால் செய்யப்பட்டது. நாப்தலீன் மூலக்கூறு ஒரு தட்டையைப்போல் சப்பையானது. அத்தட்டைக்குச் செங்குத்தான திசையில் அதன் காந்தப் பண்பு மிகுதியாக இருக்கும். எல்லாத் தட்டைகளும் ஒரே பக்கம் பார்த்தவாறு படிகத்தில் அமைந்திருந்தால், படிகத்தின் திசை வேறுபாடும் மிகுதியாக இருக்கும். அவை வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்தால், வேறுபாடு குறையும். எனவே, படிகத்தை அளந்து, மூலக்கூறுகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று கிருஷ்ணனால் கூற முடிந்தது.

அக்காலத்தில் படிக அமைப்பை அறிய ஊடுகதிர் முறையும் இருந்தது. ஆனால், அதற்குரிய கணக்கீடுகளை முடிக்க நெடுங்காலம் பிடித்தது. மூலக்கூறுகளின் சாய்வை முன்கூட்டியே அறிவது அந்த ஆய்வாளர்களுக்கு நல்ல வழிகாட்டியாயிற்று. 1933ஆம் ஆண்டு கிருஷ்ணனும் அவர் குழுவினரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இலண்டன் அரச கழகம் வெளியிட்டது. ஊடுகதிர்ப் படிக ஆய்வில் புகழ்பெற்ற இங்கிலாந்து அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேலும் இதே சிக்கலை ஆராய்ந்து வந்தார். 1936ஆம் ஆண்டு லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இணைந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். வெவ்வேறு கண்டங்களில் வாழ்ந்த இருவரைப் படிகங்கள் ஒன்று சேர்த்தன.

அடுக்குகளின் இரகசியம்

1933ஆம் ஆண்டு கிருஷ்ணன் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். தாம் ஆய்வு மாணவராக இருந்த அதே கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இங்குதான் அவருடைய கவனம் கிராஃபைட் மீது திரும்பியது.

நம் நாட்டில் விற்கப்படும் குவே லாப்பிஸ் பலகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிடலாம். கிராஃபைட்டும் அப்படித்தான். ஒரே அடுக்கில் உள்ள கரிம அணுக்கள் அறுகோண வடிவில் உறுதியாகப் பிணைந்திருக்கின்றன. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே உள்ள இடைவெளியோ அதிகம்; பிணைப்பும் தளர்வானது. ஓர் அடுக்கில் அருகருகே உள்ள இரு அணுக்களின் இடைவெளியைப்போல் அது இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது.

கிருஷ்ணனும் அவருடன் ஆய்வு செய்த கங்குலியும் கிராஃபைட் படிகங்களை அளந்தபோது, அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் காந்தப் பண்பு பல மடங்கு அதிகமாக இருப்பதைக் கண்டனர். மின்னோட்டத்திலும் இத்தகைய வேறுபாடு தெரிந்தது. அடுக்கின் போக்கில் மின்சாரம் எளிதாகப் பாய்ந்தது. அடுக்குகளைக் குறுக்கே கடக்க மிகவும் தடுமாறியது. கிராஃபைட்டில் உள்ள எலெக்ட்ரான்கள் ஒவ்வோர் அடுக்கின் பரப்பிலும் தாராளமாக உலவுகின்றன என்பதை இது உணர்த்தியது. 1941ஆம் ஆண்டு இவ்வாய்வு முடிவுகள் விரிவான கட்டுரையாக வெளிவந்தன.

பல்லாண்டுகளுக்குப் பின்னர், 2004ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து ஓர் அணு அளவே தடிப்புள்ள ஒற்றை அடுக்கைப் பிரித்துக் காட்டினர். அதற்கு கிராஃபீன் என்று பெயர். அதை ஆராய்ந்ததற்காக அவர்களுக்கு 2010ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. எலெக்ட்ரான்கள் ஒரே பரப்பில் உலவுவதுதான் கிராஃபீனின் தனிச்சிறப்பு. அந்தப் பண்பின் அறிகுறிகளைக் கிருஷ்ணன் முன்னரே அளந்து காட்டியிருந்தார்.

நாட்டுக்காக ஓர் ஆய்வுக்கூடம்

கிருஷ்ணனின் திறமையை உலகம் அறிந்தது. 1940ஆம் ஆண்டு அவர் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1942ஆம் ஆண்டு அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். 1946ஆம் ஆண்டு சர் பட்டம் பெற்றார்.

இந்தியா விடுதலை பெறும் வேளையில் அவருக்கு வேறொரு பொறுப்பு வந்தது. புது டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அதற்கு 1947ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார். இப்பொறுப்பை ஏற்றால் கட்டடம், பணியாளர், கருவி, நிதி என நாள்தோறும் நிர்வாக வேலைகள் சூழும். சொந்த ஆய்வுக்கான நேரம் குறையும். இதை நன்கு அறிந்தே அவர் ஏற்றுக்கொண்டார். 1950ஆம் ஆண்டு ஜனவரியில் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது.

அந்த ஆய்வுக்கூடத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று, நாட்டின் அளவைகளைத் தரப்படுத்துவதாகும். அக்கால இந்தியாவில் சேர், மணங்கு, தோலா எனப் பல அளவைகள் வழக்கில் இருந்தன. ஒரே பெயருடைய அளவைகூட ஊருக்கு ஊர் வேறுபட்டது. இதனால் வணிகத்தில் குழப்பமும் ஏமாற்றும் நிகழ்ந்தன. 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்வழி மெட்ரிக் அளவை முறை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. மீட்டர், கிலோகிராம் ஆகியவற்றின் தேசியத் தர அளவைகளைப் பேணும் பொறுப்பு தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தது. நுண்ணிய படிகத்தின் காந்தப் பண்பை அளந்தவர், ஒரு நாட்டின் அளவைகளைக் காக்கும் நிறுவனத்தை வளர்த்தெடுத்தார்.

நிர்வாகத்தின் நடுவிலும் கிருஷ்ணன் ஆய்வை முற்றாகக் கைவிடவில்லை. சூடாக்கப்பட்ட பொருள்களிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுவதைப் பற்றி இளம் ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார். இந்திய அணுசக்தி ஆணையத்தின் முதல் உறுப்பினர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார். 1954ஆம் ஆண்டு பத்ம பூஷண் விருதும் 1958ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும் அவரைத் தேடி வந்தன.

முழுமையான மனிதர்

கிருஷ்ணன் ஆய்வுக்கூடத்திற்குள் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். தமிழ், வடமொழி இலக்கியங்களில் திளைத்தார். விளையாட்டுகளில் ஆர்வம் காட்டினார். நகைச்சுவையோடு கதைகள் சொல்வதில் வல்லவராக இருந்தார். அறிவியல் கருத்துகளைத் தாய்மொழியிலும் தெளிவாகக் கூற முடியும் என்று நம்பித் தமிழில் அறிவியல் கட்டுரைகளும் எழுதினார். அவருடைய நண்பரான நேரு, அவரைச் சிறந்த அறிவியலாளர் என்பதோடு நிறைவான பண்புகள் கொண்ட முழு மனிதர் என்றும் பாராட்டினார்.

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிருஷ்ணன் காலமானார். இலண்டன் அரச கழகத்திற்காக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களுள் ஒருவர், அவரோடு படிகங்களை ஆராய்ந்த அதே கேத்லீன் லான்ஸ்டேல். புது டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அமைந்துள்ள சாலை இன்று டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை என்று அழைக்கப்படுகிறது.

இன்று தொடரும் தேடல்

1931ஆம் ஆண்டு ஜெர்மனியில் எர்னஸ்ட் ருஸ்கா, மாக்ஸ் நோல் ஆகியோர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவத்தை உருவாக்கினர். கிருஷ்ணன் டாக்காவில் படிகங்களை அளந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கருவி படிப்படியாக வளர்ந்து, இன்று அணுக்களின் வரிசையையே படமெடுக்கும் ஆற்றல் பெற்றுள்ளது.

2017ஆம் ஆண்டு, குரோமியம் அயோடைடு என்னும் அடுக்குப் பொருளில் ஒரே ஓர் அடுக்குகூடக் காந்தமாக நிலைத்திருக்க முடியும் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எந்த நிலையில் அமர்ந்துள்ளன என்பதைப் பொறுத்து, அருகருகே உள்ள அடுக்குகளின் காந்தத் திசைகள் ஒத்துப்போகலாம் அல்லது எதிரெதிராக அமையலாம். ஆகவே, அடுக்குகளின் அமைப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்தறிவது இன்றியமையாததாகிறது. தகவல்களைச் சேமிக்கும் புதிய கருவிகளை உருவாக்க இந்த ஆய்வுகள் உதவக்கூடும்.

கருவிகள் மாறிவிட்டன. ஆனால், கேள்வி மாறவில்லை. ஒரு பொருளின் அமைப்புக்கும் அதன் காந்தப் பண்புக்கும் என்ன தொடர்பு என்பதே அக்கேள்வி. கிருஷ்ணனிடம் அணுக்களைக் காட்டும் கருவி இல்லை. இருந்தும், இல்லாததை எண்ணி அவர் காத்திருக்கவில்லை. கையில் இருந்த காந்தத்தையும் இழையையும் பயன்படுத்தி எதை அளக்கலாம் என்று சிந்தித்தார். பொறுமையாக அளந்தார், பிழையின்றிக் கணக்கிட்டார். புகழ் வந்தபோதும், புகழில் தமக்குரிய பங்கு வராதபோதும், அடுத்து அளக்க வேண்டியது எது என்பதிலேயே அவர் மனம் இருந்தது. மாணவர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டிய பாடமும் இதுவே.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. நோபல் பரிசு தமக்குக் கிடைக்காதபோது கிருஷ்ணன் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி உன் கருத்து என்ன? காரணங்களுடன் கூறுக.

2. இழையில் தொங்கும் படிகம் சட்டெனச் சுழல்வதற்கான காரணத்தை உன் சொந்த வாக்கியத்தில் விளக்குக.

3. சொந்த ஆய்வு, நாட்டுக்கான நிர்வாகப் பொறுப்பு ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் நீ எதைத் தேர்ந்தெடுப்பாய்? ஏன்?